பேனா நின்ற இடம்

பியூலாவிடம் எழுத வருகிறவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஓய்வு பெற்ற நர்ஸ், தபால்காரர், வங்கியில் இருந்தவர், கடைசி மகளுக்கும் கல்யாணம் முடித்துவிட்டு வீட்டின் அமைதி தாங்காமல் வந்த ஒருத்தி. கண் தெரியாதவர்கள் பரீட்சை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை. சம்பளம் கிடையாது.

இளவயதுக்காரர்களை அவள் சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அவங்களுக்குப் போக வேற இடம் இருக்கு" என்பாள்.

பியூலாவுக்கு நாற்பத்தேழு வயது. அந்தக் கூட்டத்தில் அவள்தான் இளையவள். பிறந்த மூன்றாம் மாதம் பார்வை போனது. அரசு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

திருமலைக்கொழுந்தை அவர் மனைவிதான் அவளிடம் கூட்டி வந்தாள்.

"ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்கம்மா. சும்மா இருக்க முடியல. நான் வைக்கிற குழம்புக்கு மார்க் போடுதாங்க."

"எவ்வளவு போடுதாரு?"

"முப்பத்தஞ்சைத் தாண்டினதில்ல."

பியூலா சிரித்தாள். "பாஸ்தான" என்றாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள்.

"என்ன பாடம் சார்?"

"வரலாறு."

"கையைக் கொடுங்க."

அவர் வலது கையை நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலின் அடியில் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"நாலு மணி நேரம் விடாம எழுதணும். எழுதுமா?"

"நாள் முழுக்க எழுதும்."

அவள் கையை உடனே விடவில்லை. ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் கேட்கவில்லை.

"அறைக்குள்ள கேள்வியை வாசிச்சுக் காட்டலாம். எழுதினதைத் திருப்பி வாசிக்கலாம். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொன்னதை எழுதணும். சொல்லாததை எழுதக் கூடாது."

"எத்தனை பரீட்சை நடத்தியிருக்கேன், டீச்சர். இது தெரியாதா?"

"நடத்தியிருக்கீங்க" என்றாள் பியூலா.

*

அவருக்குக் கிடைத்தது இசக்கியம்மாள்.

முப்பத்தொரு வயது. பட்டப் படிப்பில் இரண்டு தாள் மட்டும் அரியராக நின்றுபோயிருந்தது. ஒரு நூலகத்தில் பிரெய்ல் பிரிவில் தற்காலிகமாக வேலை பார்த்தாள். பட்டம் காட்டினால்தான் அந்த வேலை நிலைக்கும். பழைய பாடத்திட்டத்துக்கு இந்த வருடம்தான் கடைசிப் பரீட்சை. அடுத்த வருடம் அந்தத் தாளே இருக்காது. செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. இரண்டிலும் தேற வேண்டும்.

செவ்வாய்க்கிழமைத் தாள் இந்திய அரசியலமைப்பு. தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சற்றுத் தள்ளிக் கண்காணிப்பாளர்.

திருமலைக்கொழுந்து கேள்வியை வாசித்தார். இசக்கி சொன்னாள். அவர் எழுதினார்.

"மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்."

பேனா நின்றது. நின்றதை அவர் கவனிக்கவில்லை. முப்பத்துமூன்று வருடமாகத் தவறான வரியில் அந்தக் கை தானாகவே நின்று பழகியிருந்தது.

இசக்கி தலையைச் சாய்த்தாள். "இல்ல. ஆறு ஆண்டுகள்."

பேனா ஓடியது.

அதற்குப் பிறகு இசக்கி ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். அவள் யோசிக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் ஊராட்சிகள் பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தது. இசக்கியின் முகம் தெளிந்தது. அவள் நன்றாகப் படித்திருந்த பகுதி.

"ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது எழுபத்து மூன்றாவது திருத்தம்."

அந்த நேரத்தில்தான் அவர் கட்டைவிரல் உள்ளே மடங்கி இழுத்துக்கொண்டது. வலி முழங்கை வரை ஏறியது. பேனா நின்றது.

இசக்கி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் விரலை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

"இல்ல" என்றாள் அவள். "எழுபத்து நான்காவது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சரியாகச் சொன்னதைத் தப்பாக மாற்றுகிறாளே. விரலின் இழுப்பு விட்டுவிட்டது, இப்போது எழுதலாம். ஆனால் தப்பான வரிக்குக் கை அசைய மறுத்தது.

"எழுபத்து நாலும் இல்லையா" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். "எழுபத்திரண்டு?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுபத்திரண்டாவது திருத்தம்" என்றாள் இசக்கி. குரலில் தெளிவு போயிருந்தது. "எழுதுங்க சார்."

அவர் எழுதினார். சொன்னதை எழுத வேண்டும். அந்த ஒரு வரியோடு முடியவில்லை. தன் முதல் வரியையே நம்பாமல் போனவள் அடுத்த வரிகளையும் நம்பவில்லை. பத்து மார்க் பதில் ஐந்து வரியில் நின்றது.

வெளியே வராந்தாவில் இசக்கி கேட்டாள்.

"எழுபத்து மூணுல ஏன் நின்னீங்க?"

"நான் நிக்கலையே."

"நின்னீங்க. அதனாலதான் தப்புன்னு மாத்தினேன்."

"நான் ஒரு வார்த்தை பேசலையேம்மா."

"நீங்க பேசல. பேனா பேசிச்சு."

அவர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். துணி உரசிய சத்தத்துக்கு இசக்கி தலையைச் சாய்த்தாள்.

*

புதன்கிழமை காலையில் அவர் பியூலாவின் வீட்டுக்குப் போனபோது இசக்கி அங்கே முன்பே வந்திருந்தாள். அவர் காலடி கேட்டும் பேச்சை நிறுத்தவில்லை.

"எனக்கு இவர் வேண்டாம் டீச்சர். பரீட்சை எழுதப் போனேனா, பேனா சத்தம் கேக்கப் போனேனா? முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு சொன்னா நிக்குது, சரி சொன்னா ஓடுது. திருடின மாதிரியும் இருந்துச்சு, கிடைச்ச மாதிரியும் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, எனக்குத் தெரிஞ்சது எதுன்னே எனக்குத் தெரியல."

"வேற ஆள் மாத்த முடியாது" என்றாள் பியூலா. "பேரு போன வாரமே கொடுத்தாச்சு. காலேஜ்ல ஒத்துக்கிட மாட்டாங்க. நாளைக்கு இவர்தான்."

"அப்ப நான் போகல."

"போகாம இருந்தா பெயிலு உறுதி."



திருமலைக்கொழுந்து நின்றபடியே சொன்னார். "டீச்சர், நான் ஒரு எழுத்துகூட மாத்தல. சொன்னதை எழுதினேன். சொல்லாததை எழுதல. நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். எதுல தப்பு பண்ணினேன்?"

பியூலா எழுந்து, தடவிப் போய், அட்டையும் தாளும் எடுத்து வந்தாள்.

"உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இசக்கி, நீ கேளு."

அவர் உட்கார்ந்தார்.

"தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜேந்திர சோழர்."

பேனா நின்றது. இந்தத் தடவை அவருக்கே கேட்டது.

"எழுதுங்க."

எழுதினார்.

"முதலாம் பானிபட் போர் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறில் நடந்தது."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தாமல் எழுதினார்.

"எப்படி?" என்று பியூலா இசக்கியைக் கேட்டாள்.

"நிக்கல. ஆனா தாள் கிழியுற மாதிரி அழுத்துதாரு."

"திருப்பி எழுதுங்க சார்."

எழுதினார்.

"இப்ப வேகமா எழுதுதாரு" என்றாள் இசக்கி. "சீக்கிரம் முடிச்சிட்டு ஓடணும்ங்கிற மாதிரி."

"திருப்பி."

ஒன்றரை மணி நேரம் போனது. அசோகர் தஞ்சாவூரில் பிறந்தார். காவிரி அரபிக் கடலில் கலந்தது. அக்பரின் மகன் பாபர். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நெற்றி வேர்த்தது. சட்டைக் கழுத்து நனைந்தது. வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் அவனை என்ன செய்திருப்பார் என்பதை அவர் கை நினைத்தது. பிறகு மெல்ல மெல்லக் கை நினைப்பதை விட்டது.

"இப்ப?" என்றாள் பியூலா.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்குது" என்றாள் இசக்கி. அவள் குரலில் இருந்த கோபம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

பியூலா தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எழுதுங்க. கொழுந்து சார் தன் சர்வீஸில் ஒரு பிள்ளையையும் அழவிட்டதில்லை."

அவர் தலை நிமிர்ந்தது. பேனா நிற்கவில்லை. நிறுத்தாமல் எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தார். அவருடைய அழகான கையெழுத்தில் அது உண்மை போலவே இருந்தது.

"எழுதியாச்சு" என்றார்.

"அடுத்தது. கொழுந்து சாருக்குக் கை வலிப்பதே இல்லை. நாள் முழுக்க எழுதுவார்."

பேனா நின்றது.

தெருவில் காய்கறிக்காரரின் குரல் வந்து, கடந்து போனது. 

இசக்கி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எழுபத்து மூணுல," என்றாள், "கையா வலிச்சுது உங்களுக்கு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆமா."

"நான் சரியா சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னே."

"வெளிய வந்து கேட்டேன்ல. நிக்கலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

  அறுபத்தொரு வயதில், பார்வை இல்லாத பெண்ணின் முன்னால்கூட, முடியவில்லை என்று காட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அதை எப்படிச் சொல்வது?

"கிழவன்னு நினைச்சிருவேன்னா?" என்றாள் இசக்கி. "உங்க குரலைக் கேட்ட அன்னைக்கே நினைச்சாச்சு."

பியூலா சிரிக்கவில்லை.

"நான் காலேஜ்ல போய் நடந்ததைச் சொல்லிருதேன், டீச்சர்" என்றார் அவர். "அந்தக் கேள்விக்கு ஏதாவது..."

"சொன்னா அந்தத் தாளையே ரத்து பண்ணுவாங்க. அவ சரியா எழுதினதும் சேர்ந்து போகும்."

"அப்ப அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய முடியாது. மனசுல வச்சுக்கிடுங்க."

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.

"நாளைக்கும் வலிக்கும்" என்றார். "மூணாவது மணி நேரம் எப்பவும் வலிக்கும். பேசக் கூடாது. நிறுத்தவும் கூடாது. நான் என்ன பண்ணட்டும்?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

அவர் தயங்கினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இசக்கியிடம் கேட்டார். "என்ன பண்ணட்டும்மா?"

"வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க. அதுல என்ன ரகசியம்?"

*

வியாழக்கிழமைத் தாள் பொது நிர்வாகம். கண்காணிப்பாளர் புதியவர். மீசையை ஒழுங்காக வெட்டியிருந்த, சிரிக்காத மனிதர். தாளைக் கொடுக்குமுன் திருமலைக்கொழுந்து அவரிடம் போனார்.

"எனக்குக் கை இழுத்துக்கிடும் சார். அப்படி வந்தா அந்தப் பொண்ணுகிட்ட, கை வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கிடட்டுமா?"

"கேள்வி வாசிக்கலாம். பதிலைத் திருப்பி வாசிக்கலாம். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த உத்தரவு."

"கை வலிக்குன்னு சொல்றதுல என்ன சார்?"

"முதல் பதிலுக்குக் கை வலி, ரெண்டாவது பதிலுக்குக் கால் வலின்னு அடையாளம் ஏற்பாடு பண்ணிட்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் பேப்பரை வாங்கிருவேன்."

இசக்கி இதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு கையும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

எழுத ஆரம்பித்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அவள் ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தாள். பேனா வரியை முடித்துப் புள்ளி வைத்தது. அடுத்த வரிக்கும் அப்படியே. இரண்டாம் மணி நேரத்தில் அவள் காத்திருப்பதை மறந்தாள். குரல் நிமிர்ந்தது. சில இடங்களில் அவளுடைய வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மூன்றாம் மணி நேரம் வலி வந்தது.

கட்டைவிரல் மடங்கத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. இசக்கி மாவட்ட ஆட்சியரின் கடமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது கடமை. சரியாகத்தான் சொன்னாள். இப்போது பேனா நின்றால் அதையும் மாற்றுவாள். பேசினால் தாள் போய்விடும். இன்னும் அரை வரி. இழுத்து இழுத்து எழுதினார். எழுத்து கோணியது. விரல் முழுவதும் மடங்கியது.

அவர் பேனாவை மேசையில் சத்தம் வர வைத்தார். நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று, கண்காணிப்பாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வகுப்பில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறவனைப் போல.

"சார். உங்ககிட்டப் பேசலாம்ல? எனக்குக் கை இழுத்துக்கிட்டு. இதுக்கு மேல எழுத முடியல. ரெண்டு நிமிஷம் வேணும்."

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். கையைப் பார்த்தார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு, நிமிர்த்தப் பார்த்து, விட்டார்.

"முடியாதவங்க எதுக்குப் பெரியவரே இந்த வேலைக்கு வாரீங்க?"

முப்பத்துமூன்று வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இசக்கி ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்" என்றார். "முடியாது. ரெண்டு நிமிஷம் கொடுத்தா முடியும்."

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்."

அவர் இடது கையால் விரலைத் தேய்த்தார். இசக்கி மேசை விளிம்பை விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்து பேனாவை எடுத்ததும், விட்ட இடத்திலிருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள்.

கடைசிக் கேள்வி நிதி ஆணையம். பத்து மார்க்.

"நிதி ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படுகிறது" என்றாள் இசக்கி.

ஐந்து. அவருக்குத் தெரியும். ஆறு என்று எழுதினார். ஓடுகிற வேகத்தில், அழுத்தாமல், முந்தைய வரியைப் போலவே எழுதினார். புள்ளி வைத்தார்.

இசக்கி அடுத்த வரியைச் சொல்லவில்லை. தலையைச் சாய்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சுவிடுவதுகூடக் காதில் விழுமோ என்று பயந்தார். ஒரே ஒரு தடவை பேனாவைத் தட்டினால் போதும். தொண்டையைச் செருமினால் போதும். நாற்காலி கொஞ்சம் முனகினால்கூடப் போதும். அவர் அசையாமல் இருந்தார். வாழ்க்கையில் எந்த வகுப்பிலும் அவர் அத்தனை அசையாமல் இருந்ததில்லை.

"ம்" என்றாள் இசக்கி, தனக்குத்தானே. "ஆறுதான்." தொடர்ந்தாள்.

*

பியூலா வெளியே மதில் நிழலில் காத்திருந்தாள். இசக்கியை அவள் அண்ணன் வந்து ஆட்டோவில் கூட்டிப் போனார். ஏறும்போது அவள், "கைக்கு ஒத்தடம் கொடுங்க சார். சும்மா பையில விட்டுக்கிட்டா சரியாகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டோவின் சத்தம் திருப்பத்தில் மறைந்ததும் திருமலைக்கொழுந்து பியூலாவின் பக்கம் வந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"கடைசிக் கேள்வியில தப்பு பண்ணிட்டா. முதல் வரியே தப்பு. எனக்குத் தெரியும். அவ யோசிச்சா. நான் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்."

பியூலா அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மூணு மார்க்ல போச்சுன்னா வேலையும் போகும். அது தெரிஞ்சும் நான் வேகம் குறையாம எழுதினேன். உதவி பண்ணணும்னுதான உங்ககிட்ட வந்தேன். இது என்ன உதவி? செவ்வாய்க்கிழமையாவது அஞ்சை ஆறுன்னு மாத்திக் கொடுத்தேன். இன்னைக்கு அவளுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"செவ்வாய்க்கிழமைத் தாள்ல அவ பெயிலானா," என்றாள் பியூலா, "பெயிலானது யாருன்னு அவளுக்குத் தெரியாது சார். இன்னைக்குத் தாள்ல பெயிலானா தெரியும்."



"பாஸானா?"

"அப்பவும் தெரியும்."